சாய்த்து அறுத்த குழாய்

முதலில் தட்டுவார். ஸ்பேனரின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு. பிறகு குழாயோடு காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கரையில் நிற்கும் முப்பது பேரும் சேறு படிந்த கையுறையோடு பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். மூக்கை இரண்டு முறை உறிஞ்சிவிட்டுச் சொல்வார்: "இது குளிச்ச தண்ணி. சோப்பு வாசம் வருது பாருங்க. மேல ரெண்டாவது வீடு." போய்ப் பார்த்தால் அதே வீடாகத்தான் இருக்கும்.

ஞாயிறுதோறும் காலையில் ஆற்றைச் சுத்தம் செய்யக் கூடும் குழுவில் அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர். வீட்டுக் கழிவை யாருக்கும் தெரியாமல் ஆற்றில் கொண்டுவிடும் குழாய்கள் புதருக்குள் இருந்தாலும் கல்லிடுக்கில் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு வருஷத்தில் இருபத்து மூன்று பிடித்திருக்கிறார். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயின்டில் எண் போடுவார். எண்ணைப் பார்த்து நகராட்சி ஆட்கள் வந்து அந்த வீட்டு இணைப்பைப் பொதுச் சாக்கடைக்கு மாற்றுவார்கள். பழைய குழாயின் முனையை அறுத்துக் கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள்.

மற்ற ஆறு நாளும் அவர் பிளம்பர். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத ஒரு கடை. இடது கை மோதிர விரலில் மோதிரத்துக்குப் பதிலாகக் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப். போன் வந்தால் ஹலோ கிடையாது, "சொல்லுங்க, எங்க ஒழுகுது?" தான். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டதாகச் சொல்லச் சம்பந்தி கூப்பிட்டபோதும் இதே கேள்விதான். யார் வீட்டுக்குப் போனாலும் கை கழுவிவிட்டுக் குழாயை ஒரு கால் சுற்று கூடுதலாக இறுக்கிவிட்டு வருவார். அடுத்து திறக்க வருகிறவர்கள் படும் பாட்டைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். "ஊருக்கெல்லாம் ஒழுகறத அடைப்பாரு, நம்ம வீட்டு சிங்க் மட்டும் மூணு வருஷமா அழுதுகிட்டிருக்கு" என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார்.

இன்னொன்றும் அந்த மனைவிக்குத்தான் தெரியும். மூக்கண்ணனுக்கு வாசனையே தெரியாது. பதினைந்து வருஷத்துச் சைனஸ் அவர் மூக்கை வெறும் அலங்காரமாக்கி வைத்திருக்கிறது. அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டும். தட்டுவதும் உறிஞ்சுவதும் பார்க்கிறவர்களுக்காக. அந்த இருபத்து மூன்றையும் கண்டுபிடிக்க அவருக்கு மூக்கு தேவைப்படவில்லை. போட்டவரே அவர்தான்.

அப்போது அந்தத் தெருக்களில் பொதுச் சாக்கடை வந்திருக்கவில்லை. வந்த பிறகும் இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. "சும்மா பின்பக்கமா ஆத்துல விட்டுடுங்களேன்" என்பார்கள். அரை நாள் வேலை. போடச் சொன்னதே அவர்கள்தான் என்பதால் பிறகு அவர்களும் வெளியே சொல்ல மாட்டார்கள். அதிலும் அவர் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். குழாயின் முனையைச் சாய்த்து அறுப்பார். மேல் உதடு நீளமாகவும் கீழ் உதடு குட்டையாகவும் இருக்கும். மேலிருந்து பார்த்தால் வாய் தெரியாது, தண்ணீர் விழும் சத்தமும் கேட்காது. அதன் மேல் ஒரு தட்டைக்கல். "வேலை பாத்த இடம் தெரியக் கூடாது, அதுதான் வேலை" என்று அந்த நாளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்த வார்த்தை இப்போது நினைவுக்கு வரும்போதெல்லாம் அவருக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆற்றுக் குழுவை நடத்துகிற அம்மாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவர். எல்லோருக்கும் லேப் மேடம். வாரா வாரம் ஆற்றுத் தண்ணீரைச் சின்னப் பாட்டில்களில் எடுத்துக்கொண்டுபோய், வேலை முடிந்த பிறகு சோதித்துப் பார்ப்பார். ஒருநாள் அறுத்துப் போட்ட குழாய் முனைகள் நான்கைந்தைப் பொறுக்கி அருகருகே வைத்துப் பார்த்தவர், மூக்கண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதெல்லாம் ஒரே ஆள் போட்டதுண்ணே. பாருங்க, அத்தனையும் ஒரே சாய்வு. அளந்து கோடு போட்டுக்கூட அறுக்கல. எவ்வளவு நல்ல வேலைக்காரன், இப்படி ஒரு வேலைக்குப் போயிருக்கான் பாருங்க."

"ஆமா மேடம். கை நல்ல கைதான்" என்றார் மூக்கண்ணன். மேடம் ஒரு துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் பை இருக்கும் பக்கம் அவர் நிற்பதில்லை.

ஆறு ஓரிடத்தில் வளைந்து அகலமாகிறது. இந்தக் கோடை விடுமுறைக்கு அந்த வளைவில் பிள்ளைகள் இறங்கி நீந்த வேண்டும் என்பது லேப் மேடத்தின் ஆசை. கரையோர வீடுகளில் ஏறி இறங்கிப் பிள்ளைகளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். "இங்கே குளிக்கலாம்" என்று எழுதிய பலகைகூடத் தயார். பழைய செய்தித்தாள் சுற்றி மூக்கண்ணன் கடையில் சாத்தி வைத்திருக்கிறது. ஆனால் சோதனையில் தண்ணீர் இரண்டு முறை தோற்றுவிட்டது. வளைவுக்கு மேலே பாலத்தடியில் எடுத்தது சுத்தம், வளைவில் எடுத்தது மோசம். இடையில் இருப்பது இருநூறு அடிக் கரை. அந்த இருநூறு அடியையும் மூக்கண்ணன் மூன்று தடவை தட்டிப் பார்த்தார். மூன்று தடவையும், "ஒண்ணுமில்ல மேடம்" என்றார்.

அங்கேதான் அவருடைய அக்காவின் வீடு இருக்கிறது. கீழே ஆறு அறைகளில் ஆறு குடித்தனம், மாடியில் அக்கா தனியாக. ஆறு கழிப்பறைக்கும் சேர்த்து நாலங்குலக் குழாயாகப் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். அவர் முதல் வேலைக்குப் போன நாளில் இரும்பறுக்கும் ரம்பம் வாங்கிக் கொடுத்து அனுப்பியவள் அந்த அக்கா. கைப்பிடிக்குப் பலமுறை டேப் சுற்றியாகிவிட்டது. இன்றும் அதே ரம்பம்தான்.

போன மாதம் போய் மெதுவாகப் பேச்செடுத்தார். "அக்கா, நானே தோண்டி மாத்திக் குடுத்துடறேன். பத்து நாள்தான்."

"பத்து நாள் கக்கூஸ் இல்லாம எவன்டா குடியிருப்பான்? ஆறு பேரும் காலி பண்ணிட்டுப் போயிட்டா நான் யாரு வாசல்ல போய் நிப்பேன்?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ போட்டதுதானே தம்பி. நீயே காட்டிக் குடுப்பியா?" என்று கேட்டாள். அவர் சமையலறைக் குழாயைக் கால் சுற்று இறுக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவது சோதனையின் முடிவு போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. லேப் மேடம் எல்லோரையும் கரையில் உட்காரச் சொன்னார். காகிதத்தை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"மறுபடியும் அதேதான். மூக்கண்ணனே ஒண்ணுமில்லன்னு சொன்னப்புறம் வேற என்ன இருக்கப்போகுது? நான் பண்ற டெஸ்ட்லதான் ஏதோ கோளாறு. இருபது வருஷமா இதே வேலை பாக்கறேன், எங்க தப்பு பண்றேன்னு தெரியல. பிள்ளைங்களுக்கு ஆசை காட்டிட்டேன், மன்னிச்சிடுங்க. வேற யாராவது இந்தக் குழுவ எடுத்து நடத்துங்க. அண்ணே, அந்தப் பலகைய உடைச்சுப் போட்டுடுங்க."

மூக்கண்ணனுடைய ஒரு பொய், இருபது வருஷம் பிசகாமல் வேலை பார்த்த ஒருத்தியைத் தன் கண்ணையே நம்பாதபடி செய்துவிட்டிருந்தது. ஆற்றில் எத்தனையோ கொட்டியிருக்கிறார். இந்த அளவுக்கு எதுவும் அவருக்கு நாறியதில்லை.

எழுந்து நடந்தார். பைக்குள் ஸ்பேனர் கிடந்தது, எடுக்கவில்லை. அக்கா வீட்டுப் பின்சுவரின் கீழே குனிந்து கொடியை விலக்கினார். தட்டைக்கல்லை இரண்டு கையாலும் புரட்டினார். நாலங்குல வாய், சாய்த்து அறுத்தது, வழிந்துகொண்டிருந்தது.

மாடி ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். பிழியாத துணி கையில் சொட்டியது. இவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினாள். பிறகு மற்றதையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பின்னால் ஓடி வந்தவர்களில் ஒருவர் கத்தினார்: "பாத்தீங்களா! மூக்கண்ணன்னா சும்மாவா!" எல்லோரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். லேப் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப என் டெஸ்ட் தப்பில்லையாண்ணே?"

மூக்கண்ணன் புரட்டிய கல்லின் மேலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு புதுக் குழாய்த் துண்டையும் ரம்பத்தையும் எடுத்தார். துண்டை முழங்கால் மேல் வைத்தார். அளக்கவில்லை, கோடு போடவில்லை, ஒரே மூச்சில் சாய்த்து அறுத்தார். அறுத்த முனை தெரியும்படி அதை லேப் மேடத்திடம் நீட்டினார். கைத்தட்டல் ஒவ்வொருவராக நின்றது. மேடத்தின் கை கைப்பையின் மேல் போய் அப்படியே இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மூக்கண்ணனும் கையை மடக்கவில்லை.