ஊசிக்காரி மாரக்காள்

வெந்நீர்ச் சட்டிக்குள் கிடக்கும் விரல்களை மாரக்காள் ஒவ்வொன்றாக எழுப்புகிறாள். கட்டைவிரல் சொன்னபடி கேட்டுவிடும். மோதிரவிரல்தான் வீம்பு பிடிக்கும். "எந்திரி சாமி, வேன் வந்துரும்" என்று அதைத் தனியாகக் கெஞ்ச வேண்டும். விடிகாலையில் முக்கால் மணி நேரம் இந்த மல்லுக்கட்டு. பிறகு தலையில் துண்டு, கையில் டிபன் டப்பா. மல்லசமுத்திரம் பிரிவில் அவள் வேன் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால், இந்த மனுஷிக்கு முடக்குவாதம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் எட்டுப் பெண்களில் அவள் ஊசிக்காரி. சுகன்யா கூண்டிலிருந்து கோழியைப் பிடித்து நெஞ்சைக் காட்டுவாள். மாரக்காளின் ஊசி போய் வந்தது கோழிக்கே தெரியாது. மதியத்துக்குள் இருவருமாக இரண்டாயிரம் கோழிகளை முடித்துவிடுவார்கள். வலது கை மக்கர் செய்கிற நாளில் ஊசி இடது கைக்கு மாறும். அதற்காகவே நாலு மாதம் வீட்டில் பூசணிக்காய்க்குத் தண்ணீர் ஊசி போட்டுப் பழகியவள் அவள். அந்தக் காய்களை என்ன செய்தாய் என்று கேட்டால், "பொரியல் பண்ணித் தின்னோமுங்க, வேறென்ன?" என்பாள்.

உடம்பைக் காக்கிற எதிர்ப்பு சக்தியே மூட்டுகளை எதிரி என்று நினைத்து அடிப்பதுதான் இந்த நோய் என்று டாக்டர் பிரவீனா விளக்கத் தொடங்கியதும், மாரக்காள் பாதியில் மறித்தாள். "எங்க கோழிக்குக் கம்போரோ நோய் வந்தா ஒடம்புக் காவலே படுத்துக்குமுங்க. எனக்குக் காவக்காரனுக்கே கிறுக்குப் புடிச்சுருச்சு, அப்படித்தானுங்களே?" டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து அவள் கண்ணில் காவக்காரன் படாத இடமில்லை. சூப்பர்வைசரின் கையிலுள்ள வெண்புள்ளி, டீக்கடைக்காரர் மகள் பத்து வயதிலேயே போட்டுக்கொள்ளும் இன்சுலின், வெயில் பட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கன்னத்தைச் சிவக்க வைக்கும் லூப்பஸ். "எல்லாம் ஒரே காவக்காரன் வேலைதானுங்க. ஆளுக்கொரு எடத்துல அடிக்கறான். ஹெச்.ஐ.வி. மட்டும் வேற. அது காவக்காரனையே கொன்னுபோடும்."

இவ்வளவு விவரம் பேசியவளைத்தான் கூட வேலை செய்கிறவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். கோழிப்பண்ணையில் ஒரு கோழி தும்மினால் ஷெட்டே படுத்துவிடும். அதையே தினமும் பார்க்கிற கண்ணுக்கு வீங்கிய விரலும் ஒட்டுவாரொட்டிதான். ஆட்களை நடத்தும் ராஜம்மாள், சாப்பாட்டு வேளையில் அவளை எட்ட உட்காரச் சொன்னாள். வேறு ஊசிக்காரி தேடுவதாகவும் காதில் விழுந்தது. மாரக்காள் இரண்டு மாதம் தனியாகத் தின்றாள். சண்டை போடவில்லை, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ராஜம்மாளையும் கையோடு கூட்டிப்போனாள். "நீங்களே கேளுங்கக்கா."

டாக்டர் சொன்னது நேர்மாறு. இவளிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரை தின்பதால், இருமல் காய்ச்சல்காரர்களிடமிருந்து இவள்தான் விலகியிருக்க வேண்டும். மறுநாள் ராஜம்மாள் எல்லோருக்கும் நடுவில், தன் பக்கத்திலேயே, மாரக்காளுக்கு இடம் போட்டாள். புது ஊசிக்காரி பேச்சும் அதோடு போயிற்று.

சென்ற வாரம் சுகன்யா இருமிக்கொண்டே வந்தாள். காலையில் வேறொருத்தி கோழி பிடித்தாள். மதியம் ராஜம்மாள் முந்திக்கொண்டாள். "மாரக்காளுக்கு ஆகாது கண்ணு. நீ அந்தப் பக்கம் போயி உக்காந்து சாப்புடு."

சுகன்யா டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். புளியமரத்துக்கு அப்பால் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

மாரக்காள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு டப்பாவை மூடினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றிப் போனாள். சுகன்யாவுக்கு எதிரே, பத்தடி தள்ளி, முகம் பார்க்கிற மாதிரி மெல்ல உட்கார்ந்து, கோணல் விரல்களால் டப்பாவைத் திறந்தாள்.