மாலை ஆறு மணிக்கு யானைச் செய்தி வாசித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்தவர்கள் கைகளில் இந்த நினைவு மலர் சேரும் வேளையில், உடன்பிறந்த தம்பியாகச் சில நினைவுகளை எழுதுகிறேன்.

அக்கா கர்நாடகத்தில் காட்டோரமாக உள்ள மார்டள்ளியில், ராகியும் சோளமும் விளைவித்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். கொள்ளேகாலில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். அக்கா நிறுத்தவில்லை. காலையில் வயல் வேலை, பிறகு பேருந்து என்று ஓடிப் பட்டம் பெற்றார். என்னையும் படிக்க வைத்தார்.

கிராமங்களுக்கென்று கொள்ளேகாலில் ஒரு சிறிய வானொலி நிலையம் தொடங்கியபோது அறிவிப்பாளராகச் சேர்ந்தார். மழை, சந்தை, தடுப்பூசி முகாம் எல்லாவற்றையும் இரு மொழியிலும் வாசிப்பார். ஊரார் காத்திருந்ததோ மாலை ஆறு மணிக்கு. யானைக்கூட்டம் அன்று எந்த ஊர்ப் பக்கம் நிற்கிறது என்று வனத்துறையிடம் கேட்டு அப்போது சொல்வார். மேய்ச்சலுக்குக் கட்டிய மாட்டை அவிழ்த்து வர நான் கிளம்பினால் அம்மா தடுப்பார். "இருடா, உங்கக்கா சொல்லட்டும்."

ஒரு நாள் தவறு நேர்ந்தது. மேல்தோட்டம், கீழ்த்தோட்டம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். மேல்தோட்டம் என்று வந்த செய்தியை அக்கா கீழ்த்தோட்டம் என்று வாசித்துவிட்டார். மேல்தோட்டத்து விவசாயி ஒருவர் அதை நம்பித் தன் வாழைத் தோப்புக்குப் போனார். யானை தள்ளியதில் அவருக்குக் கால் முறிந்தது.

செய்தியே தவறாக வந்தது என்று சொல்லிவிடலாம் என்றார்கள் உடன் வேலை செய்தவர்கள். அக்கா ஒப்பவில்லை. மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். கட்டிலருகே நின்று, "நாந்தானுங்க தப்பாப் படிச்சது. சீட்டுல சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

விவசாயியின் மனைவி, "உங்க பேச்ச நம்பித்தானே போனாரு" என்று அழுதார். அக்கா தலைகுனிந்து நின்றார். கடைசியில் விவசாயி கேட்டார்.

"இன்னைக்கும் நீங்கதானுங்களா படிப்பீங்க?"

"இனிமே நான் படிக்கலாமான்னு தெரியலீங்க."

"நீங்களே படியுங்க. ஊர்ப் பேர மட்டும் ரெண்டு தடவ சொல்லுங்க."

அன்று மாலை, முந்தின நாள் பிழை தன்னுடையது என்று அக்கா இரு மொழியிலும் அறிவித்துவிட்டுத்தான் செய்தியைத் தொடங்கினார். அதன்பின் எந்த ஊரானாலும் பெயரை இருமுறை சொல்லி, அங்குள்ள கோயிலையோ ஏரியையோ சேர்த்தே வாசித்தார். அந்த விவசாயி எழுந்து நடக்கும்வரை ஞாயிறுதோறும் அக்கா அவர் வீட்டுக்குப் போய்வந்தார்.

அக்காவின் கணவர், எங்கள் மாமாவுக்கு மைசூருக்கு மாற்றலானதும் இங்குள்ள விஜயநகரில் குடியேறினார்கள். இங்கே ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அக்கா செய்தி வாசித்தார். காய்கறிக் கடையில் பெண்கள் அடையாளம் கண்டு பேசுவார்கள். அக்காவுக்கோ கூச்சம். "எம்பட சேலையப் பாக்கறாங்க. சேதியக் கேட்டாங்களான்னு தெரியலடா" என்பார்.

சிறுநீரகக் கோளாறால் அக்கா படுத்திருந்த கடைசி மாதங்களில், அந்த விவசாயி பேருந்து ஏறி வந்தார். கையில் வாழைச்சீப்பு, நடையில் சற்றுச் சாய்வு. "இப்பல்லாம் யானை வாரத போன்ல அனுப்பிடறாங்க. ஆனா எங்கூட்டுப் பொம்பளைக்கு நீங்க சொன்னாத்தானுங்க நம்பிக்கை" என்றார். அக்கா வெகுநேரம் சிரித்தார். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

அக்காவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், மாமாவுக்கு வேளாவேளைக்கு உணவு கொடுத்த அண்டை வீட்டார், தொலைவிலிருந்து வந்து இறுதிக் கடன்களில் தோள்கொடுத்த சொந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அக்கா வானொலியில் நேரலையாகவே பேசினார். நிலையத்திலும் சரி, பிறகு அந்தத் தொலைக்காட்சியிலும் சரி, எதையும் சேமித்து வைக்கவில்லை. எங்களிடம் படங்கள் இருக்கின்றன, குரல் இல்லை. உங்களில் யாராவது எப்போதாவது ஒலிநாடாவிலோ கைபேசியிலோ அவர் பேசியதைப் பதிந்து வைத்திருந்தால், பாதி வாக்கியமானாலும் சரி, எங்களுக்குத் தாருங்கள்.