ஜட்ஜ் ஐயா வீட்டுத் தேநீர்

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்தை வாசிப்பது கஷ்டம். பேக்கரியில் மா பிசைந்து பிசைந்து விரல்கள் சரியாக மடங்குவதில்லை என்று சொல்லலாம். அது ஒரு சாட்டுத்தான். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். இதைத் தட்டச்சு செய்கிற நண்பர் பிழைகளைத் திருத்துவார். ஆனால் நான் எழுதியதை மென்மையாக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

நான் எழுதப்போவது ஒரு நீதிபதியைப் பற்றி. சரியாகச் சொன்னால் இரண்டு நீதிபதிகள். ஒருவர் இங்கே ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் மகன் வாங்கிக்கொடுத்த பெரிய வீட்டில் இருக்கிறார். மற்றவர் இங்கிலாந்தில் நானூறு வருடங்களுக்கு முன்னரே செத்துப்போனவர். இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது.

ரூஜில் இருப்பவரை எல்லோரும் ஜட்ஜ் ஐயா என்பார்கள். ஊரில் மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி ஜட்ஜ் அன்ரி. அவர் ஒரு நாளும் நீதிமன்றப் படி ஏறியதில்லை, ஆனால் கோயிலில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். மகன் ஸ்ரௌவ்வில் என்கிற ஊர்ப் பக்கம் வீடு விற்கிறார். அவருடைய விளம்பரத்தில் வீட்டின் படம் சின்னதாகவும், கறுப்பு அங்கி போட்ட தகப்பனின் படம் பெரிதாகவும் இருக்கும். என் தங்கச்சியை இந்தக் குடும்பத்தில்தான் கொடுத்தோம். மாப்பிள்ளை ஜட்ஜ் ஐயாவின் தம்பியின் மகன். கல்யாண அட்டையில் மாப்பிள்ளையின் சொந்தத் தகப்பன் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. 'ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் பெறாமகன்' என்பது தங்க எழுத்தில் இருந்தது. என் அண்ணை அந்த அட்டையைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்.

ஐயாவுக்குத் தூரப் பார்வை மங்கிய பிறகு கார் ஓட்ட முடியவில்லை. அண்ணை என்னைக் கேட்காமலே என்னை ஒப்புக்கொடுத்துவிட்டார். எனக்கு விடியற்காலை வேலை, மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் ஐயாவை நகரத்து லைப்ரரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே அவர் அந்த இங்கிலாந்து நீதிபதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். தமிழில் ஒரு பேச்சுப் பேசுவதற்காக என்றார். திரும்பி வரும்போது படித்ததை எல்லாம் எனக்குச் சொல்வார். பேசிக்கொண்டே சளியைக் காறிக் கைக்குட்டையில் துப்பி, விரித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு 'ஓம் ஐயா' என்பேன். எனக்குக் கதைக்க வராது. அதுதான் அவருக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

அந்த மனிதர் வடக்குப் பக்கத்து மாகாணத்தில் ஒரு கம்பளி வியாபாரியின் மகனாம். லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்து, திரும்பி வந்து, தன் மாகாணத்திலேயே நீதிபதியாக உட்கார்ந்துவிட்டார். தன் முன்னால் வழக்குக்கு வந்த குடும்பங்களின் நிலத்தையே வாங்கினார். அதே குடும்பங்களில் பெண்களைக் கொடுத்தார், பெண் எடுத்தார். ஒருநாள் ஆடு திருடிய ஒருவனைத் தூக்கில் போடச் சொல்லிவிட்டு, இறங்கிப் போய் ஆட்டிறைச்சி சாப்பிட்டாராம். ஐயா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மனிதரின் கல்லறைப் படத்தையும் ஒருநாள் காட்டினார். சிவப்பு விளக்கில் கார் நின்றிருந்தது. நீதிபதி கல்லில் மல்லாந்து கிடக்கிறார், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகப் பெரிய பட்டி. கீழே பிள்ளைகள் முழங்காலில் வரிசையாக நிற்கிறார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பற்றித்தான் ஐயாவுக்குப் பெருமை. புருஷன் அடிக்கிறான் என்று அவள் தகப்பன் வீட்டுக்கு ஓடிவந்தாளாம். தகப்பன் அவளைத் தன் நீதிமன்றத்தில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி விசாரித்து, புருஷனிடமே திருப்பி அனுப்பினாராம்.

"தன்ரை பிள்ளை எண்டும் பாக்கேல்லை. அதுதான் தம்பி நீதி" என்றார்.

பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். இந்த வரிசையில் எது அந்தப் பிள்ளை என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ஒரே முகம்தான் வெட்டியிருக்கு. பச்சை விழுந்திட்டுது, எடும்."

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நான் காரை எடுத்தேன்.

இனி எங்கள் வீட்டு விஷயம். போன கார்த்திகையில் தங்கச்சி ஒரு பையோடு என் அப்பார்ட்மென்ற் வாசலில் வந்து நின்றாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அடித்தது புதிதில்லை என்றாள். அன்றைக்கு மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று புருஷன் அவளுடைய கோப்பைச் சோற்றில் துப்பிவிட்டு, அதைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறான். அவள் எழும்பியபோதுதான் கையை முறுக்கினான். சொல்லும்போது அவள் அழவில்லை. குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொன்னாள். இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள்.

நான் பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்றேன். அண்ணை ஓடிவந்து தடுத்தார். வெளியில் போனால் குடும்ப மானம் போய்விடும், ஜட்ஜ் ஐயா இருக்கிறார், அவர் விசாரித்துச் சொல்லட்டும் என்றார். பெடியன் அவருடைய சொந்தப் பெறாமகன் அல்லவா என்று கேட்டேன். "அதுதானே நல்லது. எங்கடை ஆள்" என்றார் அண்ணை. இதில் பிழை ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. எங்கள் சனத்தில் யாருக்குமே தெரியாது. ஸ்காபரோவில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் சண்டைகளை இப்படித்தான் அந்த வீட்டு ஹோலுக்குக் கொண்டுபோயிருக்கின்றன. அண்ணை சொன்னால் தங்கச்சி தட்டமாட்டாள். ஒரு தரம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

அந்த விசாரணைகளுக்கு ஒரு முறை உண்டு. சனிக்கிழமை பின்னேரம் நடக்கும். வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் பேசி முடிந்து, ஐயா தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அன்ரி தேநீர் கொண்டுவருவார். இரண்டு பக்கமும் அதைக் குடிக்கவேண்டும். குடித்தால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். குடித்துவிட்டுப் பிறகு மாறினவனைக் கோயிலில்கூட ஆட்கள் மதிக்கமாட்டார்கள்.

நாங்கள் போனபோது ஹோலில் மருந்தெண்ணெயும் சாம்பிராணியும் பழைய பொரியல் எண்ணெயும் சேர்ந்து மணத்தது. சோபாக்களில் பிளாஸ்ரிக் உறை கழற்றவில்லை. ஐயா தனிக் கதிரையில் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். அவன், அதுதான் மச்சான், காலுக்கு மேல் கால் போட்டுப் பல்லுக் குத்திக்கொண்டிருந்தான். எங்களுக்கு முன்னரே அங்கே வந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். நீதிபதியும் எதிராளியும் ஒரே சட்டியில் சாப்பிட்டுவிட்டு இருந்தார்கள்.

தங்கச்சி நடந்ததைச் சொன்னாள். சோற்றில் துப்பியதைச் சொன்னபோது ஐயா கையை உயர்த்தி அவளை நிறுத்தி, அவனைப் பார்த்து உண்மையா என்று கேட்டார்.

"கோவத்திலை பெரியப்பா" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னான்.

அன்ரி குசினி வாசலில் நின்றார். "எங்கடை காலத்திலை துப்பினா, துப்பின இடத்தை ஒதுக்கிப்போட்டு மிச்சத்தைச் சாப்பிட்டம் பிள்ளை. இதுக்கெல்லாம் வீட்டை விட்டு வெளிக்கிடுறதெண்டால் நான் எத்தினை தரம் வெளிக்கிட்டிருக்கவேணும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமில்லை, ஒரு பெருமைதான் இருந்தது. ஐயா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, பூச்சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்ட அந்த மனிதர் எங்கே, எவருடைய சோற்றில் துப்பினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவரோடு ஒரு காருக்குள் இத்தனை செவ்வாய்க்கிழமைகள் இருந்திருக்கிறேன். 

பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். நேராகச் சொல்லவில்லை. அந்த இங்கிலாந்து நீதிபதியின் கதையை முதலிலிருந்து தொடங்கினார். கம்பளி வியாபாரியின் மகன், லண்டன் படிப்பு, ஊரில் கிடைத்த மதிப்பு எல்லாம் சொல்லி, மகளைத் திருப்பி அனுப்பிய இடத்துக்கு வந்தார். அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிவில், கை நீட்டியது பிழை என்று அவனுக்குப் புத்தி சொன்னார். தங்கச்சி வாற வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் புருஷன் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்.

தேநீர் வந்தது. அவன் சத்தம் போட்டு உறிஞ்சிக் குடித்தான். அண்ணையும் குடித்தார். தங்கச்சி தன்னுடையதைத் தொடவில்லை.  தேநீரில் ஆடை படர்ந்தது. ஐயா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறப்போகுது, பிள்ளை" என்றார்.

அவள் அசையவில்லை. அண்ணைக்கு வியர்த்தது. சட்டென்று குனிந்து அவளுடைய தேநீரை எடுத்து, ஆடையோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தார். "நான் குடிச்சா அவள் குடிச்ச மாதிரித்தான், ஐயா." ஐயா சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியாது. வேறொருவர் வாயால் அவள் குடித்துவிட்டதாக அந்தப் படித்த மனிதர் ஒப்புக்கொண்டார்.

தங்கச்சி எழும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, என்ரை தேத்தண்ணியைக் குடிச்சது நீங்கள். அப்ப வெள்ளிக்கிழமை நீங்களே வெளிக்கிட்டுப் போய் அவரோடை இருங்கோ."

மச்சானின் பல்லுக்குச்சி நின்றுவிட்டது. அன்ரி 'சீ' என்றார். அண்ணை என்னைப் பார்த்தார், நான் அவளை அடக்குவேன் என்று நினைத்திருக்கவேண்டும். நான் எழும்பி வாசலுக்குப் போய், சப்பாத்துக் குவியலில் அவளுடைய சப்பாத்துகளைத் தேடி எடுத்து அவளுடைய காலடியில் வைத்தேன்.

"தம்பி, இரும். விசாரணை முடியேல்லை" என்றார் ஐயா.

"நான் காரை எடுக்கிறன், ஐயா" என்றேன். அந்த வீட்டில் நான் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

காரில் கொஞ்சத் தூரம் வந்தோம். பிறகு அவள், அந்த இங்கிலாந்துப் பிள்ளைக்கு அண்ணன் தம்பி ஒருத்தரும் இருக்கவில்லையா என்று கேட்டாள்.

"இருந்தவன். தகப்பனுக்குப் பிறகு அவன்தான் நீதிபதி."

"அப்ப அவளுக்காக அவன் குடிச்சிருப்பான்" என்றாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. நான் வீட்டுக்குத் திரும்பவில்லை, பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். உள்ளே போக அவள் தயங்கவில்லை. எனக்குத்தான் இங்கிலிஷ் வராதே என்று கால் கூசியது. தமிழ் கதைக்கிற ஒரு பெண் அதிகாரியைக் கூப்பிட்டுத் தந்தார்கள். இப்போது வழக்கு உண்மையான நீதிமன்றத்தில் நடக்கிறது. அவன் அவளுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று கட்டளை இருக்கிறது. அவள் என்னோடு இருக்கிறாள். படுக்கையறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் ஹோலில் படுக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை ஐயா ஒன்றும் நடக்காத மாதிரிப் போன் எடுத்து, நாளைக்கு லைப்ரரிக்கு எத்தனை மணிக்கு வருகிறீர் என்று கேட்டார். வரமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அருவருப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன். அண்ணை இப்போது எங்களோடு பேசுவதில்லை.

நேற்று ஐயாவின் பேச்சு ஒரு மண்டபத்தில் நடந்ததாம். பேக்கரியில் என்னோடு வேலை செய்கிறவர் போய்வந்து இன்று போனில் சொன்னார். மண்டபம் நிறைந்திருந்ததாம். அண்ணை முன்வரிசையில் இருந்தாராம். மகளைத் திருப்பி அனுப்பிய இடத்தில் சனம் எழும்பி நின்று கை தட்டியதாம். அன்ரி எல்லோருக்கும் வடை கொடுத்தாராம்.

அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தங்கச்சி வேலையால் வந்து, யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். "உவரைப் பற்றி எழுதிப் பேப்பரை ஊத்தையாக்காதை" என்று சொல்லிவிட்டுத் தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள். மீன் குழம்புதான். புளி கொஞ்சம் கூட. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.

2024 பெப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை.