சுருட்டி வைத்த அட்டை

"நாளைக்கு நீயும் கோர்ட்டுக்கு வா" என்றார் சித்தி.

"நான் எதுக்கு, சித்தி?"

"என் அறிக்கையை மொழிபெயர்த்தவ நீதானே? வக்கீல் ஏதாவது வார்த்தையைத் திருகினா நீதான் விளக்கணும்."

"நாலு பேர் முன்னாடி எனக்கு வாயே வராதே."

"வீட்டுல மட்டும் வண்டி வண்டியா வரும்."

சிரித்துவிட்டுக் கேட்டேன். "அந்த ஆள் நிஜமாவே பொய் சொல்றாரா?"

"இடது கண்ணு சுத்தமா தெரியலைங்கறாரு. அந்தக் கண்ணாலேயே மூணு வரி கடகடன்னு படிச்சாரு. வேற என்ன சொல்றது?"

சித்தி இருபத்திரண்டு வருடமாகக் கண் மருத்துவர். வழக்கில் கண்ணைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நீதிமன்றம் அவரைத்தான் கூப்பிடும். எந்தப் பக்கத்து வக்கீல் நீட்டும் காபியையும் தொடமாட்டார். இந்த வழக்கு, தொழிற்சாலையில் இரும்பு கடையும் இயந்திரத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளியுடையது. இரும்புத் துகள் தெறித்துக் கண் போனது என்று அவர் நஷ்டஈடு கேட்டார். நடிக்கிறார் என்றது தொழிற்சாலை. சித்தியின் சோதனை எளிமையானது. இரண்டு கண்ணும் திறந்திருக்க, நல்ல கண்ணுக்கு முன்னால் மட்டும் எல்லாவற்றையும் மங்கலாக்கும் கனத்த கண்ணாடியைச் சொல்லாமல் வைப்பார். அப்போதும் எழுத்து அட்டையைப் படித்தால், படிப்பது 'தெரியாத' கண்தான்.

மறுநாள் அதைச் செய்துகாட்டச் சொன்னார் நீதிபதி. சித்தி தொழிலாளியை உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடிகளைச் செருகினார். அட்டையைச் சுவரில் மாட்டும்படி குமாஸ்தாவுக்குக் கை காட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் "படிங்க" என்றும் சொல்லிவிட்டார்.

தொழிலாளி மூன்று வரியையும் பிசகாமல் படித்தார்.

அட்டை இன்னும் குமாஸ்தாவின் அக்குளில் சுருட்டியபடியே இருந்தது.

சித்தி அந்தச் சுருளைப் பார்த்தார், பிறகு தொழிலாளியிடம் திரும்பினார்.

"எதைப் பார்த்துப் படிச்சீங்க?"

"அட்டையைத்தான், டாக்டர்."

"அட்டை தெரியுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாமே மங்கலாத்தான் இருக்கு. அன்னிக்கும் இப்படித்தான். நல்ல கண்ணும் போச்சுன்னு எழுதிட்டீங்கன்னா எவன் வேலை குடுப்பான்? ஆறு வாரமா உங்ககிட்ட வர்றேன், அதே அட்டை, மனப்பாடம் ஆயிடுச்சு. ஒப்பிச்சுட்டேன்."

நீதிபதி பத்து நிமிடம் இடைவேளை விட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதப் பார்த்தார் சித்தி. முதல் வரியையே இரண்டு தடவை அடித்தார். தாளை என் மடியில் வைத்தார்.

"நான் சொல்லச் சொல்ல நீ எழுதும்மா. 'அட்டையை நான் மாற்றவில்லை. என் முடிவு தவறு.' இதான் முதல் வரி. தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் எழுது. என் வாக்கியத்துக்கெல்லாம் பவுடர் பூசி அனுப்புவியே, இதுக்கு மட்டும் பூசாதே."