சுண்ணாம்பு லொறியும் ஒரு வாளித் தண்ணீரும்

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் நத்தார் பண்டிகைக்கு வெள்ளையடிக்கவென்று ஒரு பீப்பாயில் சுண்ணாம்பு நீற்றினார். வேலிக்கு அப்பால் அது கொதிக்கும் சத்தம் கேட்டதும் நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். "என்னப்பா, மழை வருதா?" என்றாள் மகள். எழுபது வயது மனிதன் ஒரு பீப்பாய்க்குப் பயப்படுகிறான் என்று மகளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

சுண்ணாம்பு வேகும் அந்த மணத்தோடு எனக்கு எப்போதும் பெட்ரோல் மணமும் சேர்ந்தே வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓட்டிய லொறியில் பெட்ரோல் தாங்கி என் ஆசனத்துக்கு அடியிலேயே இருந்தது. பெட்ரோலின்மேல் உட்கார்ந்துதான் பிழைப்பு. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. கண்டியில், மஹய்யாவையில் எங்கள் தெருவில் லொறி ஓட்டியவன் நான் ஒருவன்தான். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். பூசை முடிந்து பெண்கள் வரும் நேரமானால், ஒரே சுற்றில் கிளம்பிவிட வேண்டுமென்று மாதாவை வேண்டிக்கொள்வேன். மாதா பெரும்பாலும் செவிசாய்த்ததில்லை.

பாதையில் ஓட்ட எனக்குப் பயமில்லை. பாதை முடிகிற இடத்தில்தான் பயம் தொடங்கும். புதுக் கட்டடம் எழும்பும் இடத்துக்கு யார் பாதை போட்டு வைத்திருப்பார்கள்? மலைச்சரிவை மேற்பாதியில் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி, அதைத்தான் நிலம் என்பார்கள். வெட்டிய இடம் பாறைபோல நிற்கும். கொட்டிய இடம் குழைந்த சோறு. மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. அதனால் என்னோடு ஏற்றி இறக்க வரும் சமது முதலில் குதித்து இறங்கி, குதிகாலால் மண்ணை உதைத்து உதைத்துப் பார்ப்பான். அவன் கையை அசைத்த பிறகுதான் நான் லொறியை நகர்த்துவேன். சமது மடவளைக்காரன். என் வயதுதான். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருடம்தான் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. வழி நெடுக அதைப் பற்றியே பேசுவான். அது தும்மினாலும் எனக்குச் செய்தி வந்துவிடும்.

கலஹாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். திகனப் பக்கத்துச் சூளையிலிருந்து சுட்ட சுண்ணாம்பு ஏற்றிப் போனோம். நீற்றாத கல். ஒரு துளி தண்ணீர் பட்டால் சீறும். நன்றாக நனைந்தால் கொதித்து, பருத்து, சாக்கையே கருக்கிவிடும். மேலே போர்த்தியிருந்த படங்கில் ஒரு மூலை கிழிந்திருந்தது. பேராதனையில் வெயில் அடித்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

தோட்டத்தை அடைந்தபோது மலை முழுக்கக் கறுத்திருந்தது. சுண்ணாம்பை வைக்கும் கொட்டகை அந்தச் சிவப்பு நிலத்தின் மறுகோடியில் இருந்தது. சமது இறங்கி உதைத்துப் பார்த்துவிட்டு, "மச்சான், இது சரியில்ல. மேசன் பாஸ் வரட்டும், கேட்டுட்டு போவோம்" என்றான். கட்டட வேலையை நடத்தும் அந்த மேசன் பாஸ் சாப்பிடப் போயிருந்தார். முகத்தில் முதல் மழைத்துளி விழுந்தது. "அவர் வாறதுக்குள்ள நனைஞ்சிரும்டா, ஏறு" என்றேன். சமது ஏறவில்லை, பின்சக்கரத்துக்கு அடைக்கிற கட்டையோடு நடந்தே வந்தான்.

பாதித் தூரம்கூடப் போகவில்லை. பின்சக்கரம் மெல்ல, சத்தமே இல்லாமல் இறங்கியது. லொறி சரிவுப் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்தில், பத்தடி கீழே, பெண்கள் கூடையில் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தபடி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட்டால் லொறி உருண்டுவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். சமது கட்டையைச் செருகிவிட்டு, "எறங்கு, இனி அசையாது" என்றான். நான் இறங்கினேன். அவன் கிழிந்த மூலையை மூட மூட்டைகளின்மேல் ஏறினான்.

அப்போது மழை கொட்டியது.

முதலில் சீறல் கேட்டது. பிறகு படங்குக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. எனக்கு ஆசனத்துக்கு அடியிலிருந்த பெட்ரோல்தான் ஞாபகம் வந்தது. அடுத்ததாக ஞாபகம் இருப்பது, நான் லொறியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது. ஓட நினைத்து ஓடவில்லை, கால்கள் ஓடியிருந்தன. சமது இன்னும் மேலேதான் இருந்தான்.

"லொறி பத்திக்கிச்சு! தண்ணி கொண்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். கீழே நின்ற அத்தனை பேரும் எங்களைக் காப்பாற்ற வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். அந்தக் காட்சியைப் போல என்னை நடுங்க வைத்தது வேறொன்றில்லை. கத்த வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. முன்னால் வந்த பெண்ணின்மேல் பாய்ந்து வாளியைத் தட்டிவிட்டேன். அவள் சேற்றில் மல்லாந்து விழுந்தாள். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது: "தண்ணி வேணாம்! ஊத்தாதீங்க! தண்ணி வேணாம்!"

எல்லோரும் நின்றார்கள். மறுபக்கமாக வந்த ஒருவர் மட்டும் அதற்குள் ஊற்றிவிட்டார். ஒரு மூட்டை வெடித்துத் தெறித்தது. சமது இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே விழுந்தான்.

"மச்சான், கண்ணு எரியுதுடா! கண்ணு தெரியல்லடா! எங்க ஈக்கிறா நீ?"

நான் அவன் பக்கத்தில்தான் இருந்தேன். அவனைச் சுற்றி ஏழெட்டு வாளித் தண்ணீரோடு ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் ஊற்றவில்லை. வேண்டாமென்று கத்தியவன் நானல்லவா? எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கோ தெரியவில்லை. கண்ணுக்குள் சுண்ணாம்பு, ஊற்றினால் அங்கேயும் கொதிக்குமா? ஊற்றாவிட்டால்? ஊற்று என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. ஒரு நிமிஷமாக இருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன்.

நான் தள்ளிவிட்ட பெண் சேறும் சகதியுமாக எழுந்து வந்தாள். இன்னொருத்தியின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள்.

"அந்தாளு கண்ணு வெந்துக்கிட்டு இருக்கு. நீங்க யோசிச்சிக்கிட்டே நில்லுங்க" என்றாள் என்னிடம். சமதுவின் தலையைத் தன் மடியில் சாய்த்து, இமையைப் பிரித்து, ஊற்றினாள். அவன் அலறினான். அவள் நிறுத்தவில்லை. "ஊத்து பாக்கியம், ஊத்து" என்று மற்றப் பெண்கள் வரிசையாக வாளிகளை நீட்டினார்கள்.

தோட்டத்துத் துரையின் காரில் சமதுவைக் கண்டிக்குக் கொண்டுபோனோம். லொறிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேசன் பாஸும் ஆட்களும் கையில் சாக்குச் சுற்றிக்கொண்டு மூட்டைகளைத் தள்ளிவிட்டார்களாம். பலகைகள் கருகியதோடு சரி. ஆஸ்பத்திரியில் டாக்டர், "தண்ணி ஊத்தினது ஆரு? அந்த ஆளாலதான் ஒரு கண் தப்பியிருக்கு" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். "கொஞ்சம் முந்தி ஊத்தியிருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இடது கண் போய்விட்டது.

சமது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று மகளைத் தூக்கி வலது கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். பிறகு, "தண்ணி ஊத்தின அந்தப் புள்ளய ஒருக்கா போய் பாக்கணும்டா மச்சான். உம்மா ஒரு சீலை எடுத்து வெச்சீக்கா" என்றான். போகலாம் என்றேன். அடுத்த மாதம் என்றேன். பெருநாள் கழியட்டும் என்றேன். அந்தச் சிவப்பு மண்ணில் மறுபடி கால்வைக்க எனக்குப் பயம். அவள் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம். சமது மடவளையில் சிறிய கடை ஒன்று போட்டான். நான் ஒரு வருடத்தில் லொறியை விட்டு, பேக்கரி ஒன்றில் கணக்கெழுதப் போனேன். நாங்கள் போகவே இல்லை.

பல வருடங்கள் கழித்து, சமது இறந்தபின், வெட்கம் பயத்தைவிடப் பெரிதாகி, ஒரு நாள் கலஹா பஸ்ஸில் ஏறினேன். கட்டடம்வரை தார்ப் பாதை போயிருந்தது. கொட்டிய மண் எது, வெட்டிய மண் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதிக் கதவுகள் இல்லை. உள்ளே ஆடுகள் கட்டியிருந்தன. வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவரிடம் பாக்கியத்தைக் கேட்டேன்.

"எந்தப் பாக்கியங்க?" என்றார். "இங்க நாலு பாக்கியம் இருந்துச்சு. பிரஜாவுரிமை இல்லன்னு நாலு பேரையும் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க."