என் தம்பி மாற்றிச் சொன்ன வார்த்தைகள்

என் தம்பிக்குத் தெரு வைத்த பெயர் சுத்துவழி. முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். கத்தரியை 'வெட்டற சாமான்' என்பான். 'தலையைக் குனிங்க' என்று சொல்ல வராமல், வந்தவர் மண்டையை இரண்டு விரலால் மெல்ல அழுத்திவிடுவான். வாயைக் குறைத்து வேலையைப் பார்க்கிறவன் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

விஷயம் என்னவென்றால் அவனுக்குத் திக்குவாய். 'க'வும் 'த'வும் எமன். மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைக்கும், பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும். அதனால் அந்த எழுத்து வருவதற்குள் மோப்பம் பிடித்து வேறு வார்த்தைக்குத் தாவிவிடுவான். பெண்டாட்டி பெயரும் 'க'வில் தொடங்கித் தொலைத்தது. கல்யாணமான நாள் முதல் 'மகாராணி' என்றுதான் கூப்பிடுகிறான். ஆசையில் கூப்பிடுகிறான் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

மகளுக்கும் அதே வாய் வந்தது. அவனுக்கு மனசு உடைந்துபோனது. தன்னைக் காப்பாற்றிய ஒரே வித்தையை அவளுக்கும் கொடுத்தான்.

"அடைச்சா மோதாத பாப்பா. பக்கத்துல வேற வார்த்தை இருக்கும், அதைப் பிடி."

கெட்டிக்காரி, சீக்கிரமே அப்பனை மிஞ்சிவிட்டாள்.

மூன்றாம் வகுப்பு முடிவில் எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக ஒரு தேர்வு. வெளியிலிருந்து வரும் டீச்சர் கடிகாரத்தோடு உட்கார, பிள்ளை ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும். தேறாவிட்டால் கடைசி அறையில் சின்னப் பிள்ளைகளோடு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பம். அந்த அறையை நினைத்தாலே அவளுக்குக் குலை நடுங்கும்.

"முன்னாடியே சொல்லிடலாம்டா, ஏதாவது சலுகை குடுப்பாங்க," என்றேன்.

"வேணாம்க்கா. நான் பட்டது போதும். என் பொண்ணை யாரும் அந்தப் பேர் வெச்சு அழைக்க வேணாம்."

தேர்வன்று ஜன்னலுக்கு வெளியே நின்றோம். 'குளக்கரையில் ஒரு கிழவர் தனியாக நின்றார்' என்று அச்சில் இருந்ததாம். அவள் 'ஏரி ஓரத்தில் ஒரு பெரியவர் ஒற்றையாக நின்றார்' என்று படித்தாள். பக்கம் முழுக்க மடை திறந்தாற்போல் அப்படியே ஓடியது.

"பாத்தியாக்கா, ஓரிடத்துலகூட நிக்கல!" என்று தம்பி என் தோளை உலுக்கினான். உள்ளே டீச்சரின் பேனா கோடு கோடாக இழுத்தது. மார்க் போடுகிறார் என்று பூரித்துப்போனோம், மடச் சனங்கள். அத்தனையும் தப்புக்குப் போட்ட கோடு.

'எழுத்துக்கூட்டத் தெரியவில்லை, ஊகித்துச் சொல்கிறாள்' என்று முடிவு வந்தது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றோம்.

"அர்த்தம் தெரியாதவளுக்கு வேற வார்த்தை எங்கிருந்தும்மா வரும்? வானத்துலேருந்தா?" என்று குதித்தேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "புரிஞ்சிருக்கலாங்க. இந்தத் தேர்வு அதை அளக்கலயே. அச்சுல இருக்கறது வாயில வருதா, எவ்வளவு வேகமா வருது, அவ்வளவுதான். மாத்திப் படிச்சதுக்குக் காரணம் இருந்தா சொல்லுங்க, மறுபடி படிக்க வைக்கலாம்."

நான் வாயெடுத்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். வழக்கம்போல் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். சுற்றியதால்தானே மகள் கெட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, நேராக மோதினான்.

"அவளுக்கு... தி... தி..."

கண் செருகியது, கழுத்து புடைத்தது, தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கடைசியில் 'திக்குவாய்' என்று எச்சில் தெறிக்கச் சொல்லி முடித்தான். அந்த அம்மாளே கண் கலங்கி, "கடிகாரமே வேணாம், இப்பவே படிக்கட்டும்," என்று தாளை எடுத்துக் கொடுத்தார். "மெதுவா படிம்மா. ஆனா அச்சுல இருக்கற வார்த்தையைத்தான் படிக்கணும்."

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பாப்பா தாளைப் பார்க்கவில்லை, அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மாட்டிக்கொண்டு அவள் ஒருநாளும் பார்த்ததில்லையே! மாட்டினால் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. குனிந்து முதல் வார்த்தையைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"படி பாப்பா," என்று தம்பி கெஞ்சினான். "என் செல்லம்ல, படி."

தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே கடைசி அறைக்கு நடந்துபோய்ச் சின்னப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தாள்.

பிறகு எத்தனையோ முறை படிக்கச் சொன்னார்கள். அவள் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் இப்போது தலையாட்டுவதோடு சரி.