பாலில் கலந்து கொடுத்த சொட்டு மருந்து

அந்த இரண்டு மாதமும் நான் கொடுத்த மருந்தில் எத்தனை சொட்டு என் மகளின் உடம்பில் சேர்ந்திருக்கும்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில மாதங்களுக்கு முன், ஒரகடத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது. ஒன்றரை வயது மகளுக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் எட்டுதான். டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் பால் புட்டியில் கலந்து கொடுத்துவிடுவேன். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று டிராப்பரையும் அந்தப் பாலிலேயே அலசுவேன். கொடுத்ததும் காலண்டரில் ஒரு டிக். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தால் அதே எட்டு. அடுத்த மாதமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

எங்கள் மாடி அறையில் தென்காசிப் பக்கத்துப் பெண்கள் சிலர் தங்கியிருந்தார்கள். கார் ஒயர் செய்யும் கம்பெனியில் வேலை. மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து தண்ணீர் பிடிக்க வந்த ஒருத்தி, நான் மருந்து கலப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“யக்கா, இத பால்லயா குடுக்கிய? டீயோட இரும்பு மாத்திரை போட்டதுக்கு எங்க கம்பெனி நர்ஸம்மா என்னய என்னா ஏச்சு ஏசுனாவ தெரியுமா? பாலும் டீயும் அத உடம்புல சேர விடாதாம்.”

கணவர் சிரித்தார். “நீ டிகிரி படிச்சவ. அது லைன்ல ஒயர் மாட்டிக்கினு இருக்குது. அது இன்னா டாக்டரா?”

எனக்கும் தயக்கம்தான். ஆனாலும் டாக்டருக்கு போன் செய்தேன். அவள் சொன்னது சரி என்றார். பாலோடு கொடுத்தால் மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே போய்விடுமாம். பால் குடிக்கும் நேரத்தைத் தவிர்த்து, கொஞ்சம் சாத்துக்குடிச் சாறோடு கொடுக்கச் சொன்னார். மருந்தின் அளவை மூன்று முறை படித்த நான், எதோடு கொடுப்பது என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

அடுத்த மாத ரிப்போர்ட்டில் பத்தரை. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை எழுப்பி ரிப்போர்ட்டைக் காட்டினேன். “எனக்கே இன்னும் இவ்ளோ ஏறலயே யக்கா” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தாள். மாலையில் என் கணவரே ஒரு பை சாத்துக்குடியோடு மாடியேறினார்.

இப்போதெல்லாம் எந்த மருந்தானாலும், எதோடு கொடுக்கலாம், எதோடு கூடாது என்று வெட்கப்படாமல் கேட்ட பிறகே மருந்துக்கடை கவுண்ட்டரை விட்டு நகர்கிறேன்.

இன்னும் சில மாதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் மகளோ வாயில் விட்டதும் பாதியைத் துப்பிவிடுகிறாள். உங்கள் வீட்டில் எப்படிக் குடிக்க வைத்தீர்கள்? பாலைத் தவிர வேறு எந்த வழியானாலும் எழுதுங்களேன்.